மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு வான்வழியில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கல்லடிப்பாலத்தடி

அம்மாவின் கண் சிகிச்சைக்காகச் சென்னைக்குச் செல்லும் ஏற்பாட்டில் இருக்கிறோம். நமது ஊரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று அறியும் ஆவலில், தூரம் கணித்துக் காட்டும் இணையத்தளங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். ஒன்று 607 என்கிறது, இன்னொன்று 610 என்கிறது, மூன்றாவது எந்த அளவை என்று தெளிவாகச் சொல்லாமல் 328 என்று காட்டுகிறது. பறக்கும் நேரமும் அப்படித்தான் இருக்கிறது: ஓரிடத்தில் 46 நிமிடம், மற்றோரிடத்தில் 1 மணி 16 நிமிடம். அதே தளங்களில் ஒன்று கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு 643 கிலோமீற்றர் என்று காட்டுவதால், கொழும்பைவிட மட்டக்களப்புதான் சென்னைக்குக் கிட்ட என்றாகிறது. அப்படியிருந்தும் நாங்கள் முதலில் மேற்கே முந்நூறு கிலோமீற்றர் தரைவழியாகச் சென்றுதான் விமானம் ஏறவேண்டியிருக்கிறது.

இந்த எண்களில் எதை நம்புவது, ஏன் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது, 46 நிமிடத்தில் சென்னையை அடையக்கூடிய விமானம் என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வாவிக்கரை ஆசிரியர்

தம்பி, நீங்கள் கண்ட மூன்று தூரங்களுமே சரியானவை. அவை வெவ்வேறு வழியில் கணிக்கப்பட்டவை என்பதைத் தவிர அவற்றுக்குள் முரண்பாடு எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் கரும்பலகைப் பழக்கம் விடவில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திமிலைதீவிலுள்ள நமது விமான நிலையம் வடக்கு அகலக்கோடு 7.706 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 81.679 பாகையிலும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 12.994 பாகை வடக்கு, 80.171 பாகை கிழக்கு. ஆகவே இரண்டுக்கும் இடையே வடக்கு நோக்கி 5.288 பாகையும் மேற்கு நோக்கி 1.508 பாகையும் வித்தியாசம். பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள முழுக்கோளமாக எடுத்துக்கொண்டால், ஒரு பாகை 111.2 கிலோமீற்றர் ஆகும். எனவே வடக்காக 588 கிலோமீற்றர். நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டு செல்வதால், மேற்கு நோக்கிய பாகையை நடு அகலக்கோட்டின் கோசைனால் பெருக்கவேண்டும். அப்படிப் பெருக்கினால் ஏறத்தாழ 165 கிலோமீற்றர் வரும். இவ்வளவு குறுகிய தூரத்துக்குப் பைதகரசின் தேற்றமே போதுமானது. விடை ஏறத்தாழ 610.

ஆனால் பூமி முழுக்கோளம் அன்று. மத்தியகோட்டு ஆரை 6,378 கிலோமீற்றர், துருவ ஆரை 6,357 கிலோமீற்றர். இந்தத் தட்டையின் காரணமாக, நாம் வாழும் அகலக்கோடுகளில் வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளம் 110.6 கிலோமீற்றர் மட்டுமே. அதைக்கொண்டு கணித்தால் 607 வரும். சென்னைப் பாதை பெரும்பாலும் வடக்குத் தெற்காக இருப்பதால்தான் அந்த மூன்று கிலோமீற்றர் வித்தியாசம் வெளியே தெரிகிறது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரு தளம் 643 என்றும் மற்றொன்று 646 என்றும் காட்டினால், அதற்கும் இதுவே காரணம். மட்டக்களப்பு–கட்டுநாயக்கப் பாதை கிழக்கு மேற்காகக் கிடப்பதால், அதை எந்த முறையில் கணித்தாலும் 206 கிலோமீற்றர் என்றே வரும்.

மூன்றாவதாகக் கண்ட 328 என்பது கடல்மைல். 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் நடந்த நீர்ப்பரப்பியல் மாநாட்டில் ஒரு கடல்மைல் 1,852 மீற்றர் என்று தீர்மானிக்கப்பட்டது. விமானிகளும் மாலுமிகளும் அதையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். 607ஐ 1.852ஆல் வகுத்துப் பாருங்கள், 328 வரும்.

மட்டக்களப்புக் கிட்ட என்ற உங்கள் ஊகமும் சரி. நாங்கள் கட்டுநாயக்கவைவிட அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக வடக்கே இருக்கிறோம். கிழக்கே தள்ளியிருப்பதால் இழப்பது, வடக்கே இருப்பதால் பெறுவதைவிடக் குறைவு. திருச்சிராப்பள்ளியை எடுத்தால் இது தலைகீழாகும்: நமக்கு 470 கிலோமீற்றர், கட்டுநாயக்கவுக்கு 417.

காத்தான்குடிச் சீட்டுக்காரர்

ஆசிரியர் தூரத்தைத் தீர்த்துவிட்டார். நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பயணச்சீட்டுப் போடும் தொழிலில் இருப்பதால், இந்த 46 நிமிடம் என்ற எண்ணுடன் வருகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

610 கிலோமீற்றரை மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தால் வகுத்தால் 46 நிமிடம் கிடைக்கும். அதனுடன் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அரைமணியைக் கண்ணைமூடிக்கொண்டு கூட்டினால் 1 மணி 16 நிமிடம் கிடைக்கும். நீங்கள் பார்த்த இரண்டு தளங்களும் செய்திருப்பது அவ்வளவுதான். அந்தப் பாதையில் விமானம் பறக்கிறதா, பறந்தால் எந்த வகை விமானம், அந்த இடத்தில் ஓடுபாதை இருக்கிறதா என்று எதையும் அவை பார்ப்பதில்லை. கல்முனையிலிருந்து இலண்டனுக்குப் பறக்கும் நேரத்தைக்கூட அவை நிமிடக் கணக்கில் சொல்லும். கல்முனையில் விமானம் எங்கே இறங்குகிறது என்று மட்டும் சொல்லமாட்டா.

கொழும்பு–சென்னை போன்ற குறுகிய பாதையில் மணிக்கு 800 கிலோமீற்றர் என்ற வேகம் பயணத்தின் நடுப்பகுதியில் சிறிது நேரந்தான் இருக்கும். ஜெற் விமானம் 36,000 அடியிலிருந்து இறங்கத் தொடங்கும்போது, ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் என்ற கணக்கின்படி, சேருமிடத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில் இருக்கவேண்டும். ஏறுவதற்கும் அதற்குக் கிட்டிய தூரம் தேவைப்படும். அப்படியானால் 643 கிலோமீற்றரில் மட்டமாகப் பறப்பது 250 கிலோமீற்றர் அளவுதான். 10,000 அடிக்குக் கீழே 250 நொட்டுக்கு மேல் வேகம் எடுக்கலாகாது என்பது பொதுவான விதி. அது மணிக்கு 463 கிலோமீற்றர். காற்று தென்மேற்கிலிருந்து வீசும் காலத்தில், வடக்கே போகவேண்டிய விமானம் கட்டுநாயக்கவில் தென்மேற்கு நோக்கி எழும்பித்தான் திரும்பவேண்டும். சென்னையை நெருங்கியதும் வரிசையில் நிற்கவேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சீட்டில் அச்சடிக்கப்பட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அன்று. தரிப்பிடத்தில் சில்லுகளுக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, அடுத்த விமான நிலையத்தில் மீண்டும் கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, முன்னால் நிற்பவர் எழும்பும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். தாமதம் என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்களை மேலதிகமாகவும் சேர்த்து வைப்பதுண்டு. அதனால்தான், வானத்தில் ஒரு மணி அளவே இருக்கும் கொழும்பு–சென்னைப் பயணம் சீட்டில் ஒரு மணி இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று வருகிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பாருங்கள். அங்கிருந்து சென்னை 354 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கத் தூரத்தின் பாதிக்குச் சற்று மேல். ஆனால் அங்கே பறப்பது விசிறி பூட்டிய ஏரீஆர் 72. சீட்டில் ஒன்றேகால் மணி அளவு போட்டிருக்கும். தூரம் பாதியாகக் குறைந்தும், நேரம் பத்து நிமிடமே குறைந்திருக்கிறது.

கல்லடிப்பாலத்தடி

நானாவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. அப்படியானால் திமிலைதீவிலிருந்து சென்னைக்கு ஒரு சேவை இருந்தால், அது கட்டுநாயக்கச் சேவையைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும் என்று கொள்ளலாமா? தூரம் குறைவாக இருந்தும் நேரம் கூடுவதை ஏற்றுக்கொள்ள மனம் தயங்குகிறது.

ஓடுபாதை 24

கூடுதல் நேரந்தான் எடுக்கும். காரணம் ஓடுபாதையின் நீளம்.

நமது ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீற்றர். கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர். ஏயார்பஸ் 320 வகை ஜெற் விமானம் முழுப்பாரத்துடன் எழும்புவதற்கு 2,000 மீற்றருக்கு மேல் தேவைப்படும். ஏரீஆர் 72க்கு, கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பநிலையில், 1,300 மீற்றருக்குச் சற்று மேல் போதும் என்று தயாரிப்பாளரின் கணக்கு. ஆனால் மட்டக்களப்பில் 15 பாகை எந்த நாளில் வரப்போகிறது? ஆனி, ஆடி மாதங்களில் நண்பகல் வெப்பம் 35ஐத் தொடும்போது காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். சிறகுக்குக் கிடைக்கும் உயர்த்துவிசையும் இயந்திரத்தின் வலுவும் குறையும். எழும்புவதற்கு வேண்டிய நீளம் கூடும். அப்போது சில ஆசனங்களை வெறுமையாக விட்டோ எரிபொருளைக் குறைத்தோ பாரத்தைச் சரிப்படுத்தவேண்டும். ஆகவே நமது நிலத்துக்குப் பொருந்தும் பயணிகள் விமானம் என்றால் ஏரீஆர் வகையும் அதற்குச் சிறியவையுமே.

ஏரீஆர் மட்டமாகப் பறக்கும் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றரை ஒட்டியது. 607 கிலோமீற்றருக்கு 1 மணி 13 நிமிடம். ஏறுவது, இறங்குவது, தரையில் ஊர்வது எல்லாம் சேர்ந்தால் சீட்டில் ஒரு மணி நாற்பது நிமிடம் போடவேண்டிவரும். கட்டுநாயக்க ஜெற்றைவிடக் கால்மணி அதிகம். இருந்தாலும், கல்லடியிலிருந்து திமிலைதீவுக்குப் போக அரைமணி போதும் என்பதை நினைத்தால், அந்தக் கால்மணியைப் பற்றி எவரும் முறையிடப்போவதில்லை.

பாதை எப்படி அமையும் என்று வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்தேன். ஏறாவூரைத் தாண்டியதும் கடல் வந்துவிடுகிறது. திருகோணமலைக்குக் கிழக்கே இருபது கிலோமீற்றர் அளவில் கடலின்மேல் சென்று, பிறகு சென்னைவரை வங்கக்கடல்தான்.

2016இல் ஓடுபாதை சீரமைக்கப்பட்டு உள்நாட்டுச் சேவைக்குத் திறக்கப்பட்டதையும், 2018இல் சர்வதேச நிலையம் என்று அறிவிக்கப்பட்டதையும் அனைவரும் அறிவீர்கள். அறிவிப்பினால் ஓடுபாதையின் நீளம் கூடிவிடுவதில்லை. வாவியை அண்டிய நிலத்தில் அதை நீட்டுவது எளிதான காரியமுமன்று.

உகணைச் சந்தி

மட்டக்களப்பார் மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் அம்பாறைப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். உகணையிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து கட்டுநாயக்க 193 கிலோமீற்றர், இரத்மலானை 200 கிலோமீற்றர். வான்வழியில் மட்டக்களப்பைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ இருப்பவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. பயணச்சீட்டு வாங்கி ஏறக்கூடிய இடமாக இன்று இருப்பது திமிலைதீவுதான். கல்முனையிலிருந்து அங்கே போவதே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர்.

“மட்டக்களப்பு–கொழும்பு விமானத் தூரம்” என்று தேடுகிறவர்கள், எந்தக் கொழும்பு என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கட்டுநாயக்கவும் இரத்மலானையும் வடக்குத் தெற்காக நாற்பது கிலோமீற்றர் விலகியவை. திமிலைதீவிலிருந்து முதலாவதுக்கு 206 கிலோமீற்றர், இரண்டாவதுக்கு 221. தூரம் பதினைந்து கிலோமீற்றர்தான் வேறுபடுகிறது. ஆனால் வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கவேண்டியவர் இரத்மலானையில் இறங்கினால், அதன்பின் கொழும்பு நகரத்தை முழுவதுமாகக் கடந்து கட்டுநாயக்கவுக்குப் போகவேண்டும்.

இரண்டு பாதைகளும் மலைநாட்டுக்கு மேலாகத்தான் செல்கின்றன. இரத்மலானைக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி, மகியங்கனையையும் மகாஓயாவையும் தொட்டுக்கொண்டு வருகிறது. நாங்கள் பதினெட்டு வளைவில் இறங்கி வரும் வீதிக்கு ஏறக்குறைய நேர்மேலே என்று சொல்லலாம். கட்டுநாயக்கக் கோடு நக்கிள்ஸ் மலைத்தொடரைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த மலை 1,863 மீற்றர் உயரம், அதாவது 6,100 அடிக்கு மேல். உள்நாட்டுச் சேவையில் வரும் செஸ்னா கரவான் ஒற்றை இயந்திர விமானம். உள்ளே காற்றழுத்தம் பேணும் வசதி இல்லாததால், 10,000 அடி மட்டத்தில்தான் பறக்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் மலைநாட்டில் இடிமேகம் கட்டினால், அது சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவு. எனவே 221 கிலோமீற்றருக்கு நல்ல வானிலையில் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தளம் காட்டும் 17 நிமிடத்தை மறந்துவிடுங்கள்.

பழைய மாணவன்

கொழும்புக்கு உதயதேவி இரயிலில் போனால் ஏறத்தாழ 350 கிலோமீற்றர், ஒரு பகல் முழுவதும். மாகோவுக்கும் கல்ஓயாவுக்கும் சுற்றிக்கொண்டு போவதால் இரயில்பாதை வான்வழியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம்.

வாழைச்சேனை டோஹா

கட்டாரில் வேலைசெய்யும் நமது ஊரவர்கள் பலருக்கும் பழக்கமான ஒரு விடயத்தை ஆசிரியர் ஐயாவிடம் கேட்கிறேன். கொழும்பிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு காலை 6.30க்கு டோஹாவில் இறங்கினால், சீட்டைப் பார்க்கிறவர் இரண்டரை மணிப் பயணம் என்று நினைப்பார். திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறி மறுநாள் அதிகாலை 3 மணிக்கு இறங்கினால், அது ஏழு மணிப் பயணம் போலத் தெரியும். கட்டாரின் கடிகாரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால், முதலாவது உண்மையில் ஐந்து மணி, இரண்டாவது நாலரை மணி என்பது விளங்குகிறது. அந்த மீதி அரைமணி எங்கே போகிறது? ஒரே வகை விமானம், ஒரே தூரம்.

வாவிக்கரை ஆசிரியர்

அது காற்றின் வேலை. கட்டுநாயக்கவிலிருந்து டோஹா ஏறத்தாழ 3,610 கிலோமீற்றர். விமானம் காற்றுக்குச் சார்பாக மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று சராசரியாக 60 கிலோமீற்றர் இருந்தால், தரைக்குச் சார்பான வேகம் 790 ஆகும். 4 மணி 34 நிமிடம் எடுக்கும். திரும்பும்போது அதே காற்றுப் பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 910. 3 மணி 58 நிமிடம் போதும். வித்தியாசம் 36 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் தரையில் ஊரும் நேரத்தையும் இரண்டிலும் சேர்த்துக்கொண்டால், நீங்கள் சொன்ன ஐந்து மணிக்கும் நாலரை மணிக்கும் கிட்டத்தட்ட வந்துவிடும்.

மாரிகாலத்தில் அரேபியத் தீபகற்பத்தின்மேல், 25 முதல் 30 பாகை அகலக்கோட்டளவில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு வேகமான மேற்காற்றுத் தாரை, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே ஓடுகிறது. டோஹா 25 பாகையில் இருப்பதால், போகும் பயணத்தின் பின்பாதி அதற்கு எதிராகவே அமையும். ஆனியிலிருந்து புரட்டாதிவரை நிலைமை மாறுகிறது: அந்தத் தாரை வடக்கே ஒதுங்கிவிட, தென்னிந்தியாவுக்கு மேல் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசும் வெப்பவலயக் கீழைத்தாரை உருவாகிறது. அதை 1958இல் விவரித்து எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். அதன் உச்சவேகம் 14 கிலோமீற்றருக்கு மேலான உயரத்தில் இருந்தாலும், விமானம் செல்லும் மட்டத்திலும் அதன் தாக்கம் ஓரளவு உண்டு. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் டோஹாவுக்குப் போவதற்கும் வருவதற்கும் இடையிலான வித்தியாசம் சுருங்குவதை எதிர்பார்க்கலாம்.

சென்னைப் பயணத்தில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பாதை வடக்குத் தெற்காக இருப்பதால் காற்றுப் பக்கவாட்டாகவே படும். கடிகாரமும் ஒன்றுதான். 1996இல் இலங்கை தனது நேரத்தை முதலில் ஆறரை மணிக்கும் பிறகு ஆறு மணிக்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரை மணிக்குத் திரும்பியது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் சென்னைச் சீட்டைப் பார்க்கும்போது அரைமணியைக் கூட்டியும் கழித்தும் பார்க்கவேண்டியிருந்தது. இப்போது இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்தால் போதும்.

குருக்கள்மடம் ரொறன்ரோ

தூரம் பற்றிய பேச்சு என்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன். கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு 14,000 கிலோமீற்றர் என்று காட்டுகிறது. நாங்கள் ஊருக்கு வரும்போது சிலர் டோஹா வழியாகவும் சிலர் இலண்டன் வழியாகவும் வருகிறோம். இலண்டன் வழி நேர், டோஹா வழி சுற்று என்று இங்கே ஒரு கருத்து நிலவுகிறது. அது சரியா?

வாவிக்கரை ஆசிரியர்

கணித்துப் பார்த்தேன். கொழும்பு–இலண்டன் 8,715 கிலோமீற்றர், இலண்டன்–ரொறன்ரோ 5,707. மொத்தம் 14,420 அளவில் வரும். கொழும்பு–டோஹா 3,610, டோஹா–ரொறன்ரோ 10,880, மொத்தம் 14,490. இரண்டுக்கும் எழுபது கிலோமீற்றர்தான் வித்தியாசம். நேர்த்தூரமான 14,000 உடன் ஒப்பிட்டால், எதில் வந்தாலும் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் சுற்று இல்லை. நேரத்தைத் தீர்மானிப்பது இடையில் காத்திருக்கும் மணித்தியாலங்களே.

அந்த நேர்ப்பாதை எவ்வழியே செல்கிறது என்பது சுவையானது. பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, கொழும்பிலும் ரொறன்ரோவிலும் நூலைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். அது பாகிஸ்தானின் முல்தான் அருகாகவும், கசகஸ்தான் வழியாகவும், உருசியாவுக்கு மேலாகவும் சென்று, நோர்வேயின் வடபகுதியில் துரொம்சோ நகரத்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கி, 72 பாகை வடக்குவரை ஏறி, கிரீன்லாந்தைக் கடந்து கனடாவுக்குள் நுழையும். சுவர்வரைபடத்தில் கோல்வைத்துக் கோடு இழுக்கிறவர் அந்திலாந்திக்கின் நடுவே போவதாக நினைப்பார்.

அந்தப் பாதையில் விமானம் பறக்கவேண்டுமானால், வழியிலுள்ள நாடுகள் எல்லாம் தமது வான்பரப்பைத் திறந்துவைத்திருக்கவேண்டும். 2019 பெப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தனது வான்பரப்பை மூடி, பெரும்பகுதியை யூலைவரை மூடியே வைத்திருந்தது. 2022 பெப்ரவரிக்குப் பிறகு கனடிய, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு உருசியாவின் வான்பரப்பு இல்லை. இத்தகைய மூடல்களால் நகரங்களுக்கு இடையிலான தூரம் மாறாது. பறக்கும் தூரமும் நேரமும் எரிபொருளும் மாறிவிடும்.

புதுமுகம்

திமிலைதீவிலிருந்து சேவை தொடங்காததற்கு யார் பொறுப்பு என்பதையும் இங்கே பேசவேண்டாமா?

நெறியாளர்

அதற்கு வேறு இழை இருக்கிறது. இங்கே தூரமும் நேரமும் மட்டும்.

கல்லடிப்பாலத்தடி

இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகு, எங்கள் பயணத்தை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தேன். கட்டுநாயக்க வழியாகச் சென்றால் வாகனத்தில் ஆறரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, விமானத்தில் ஒன்றரை மணி: மொத்தம் பதினொரு மணி. பலாலியிலிருந்து சென்னை 354 கிலோமீற்றர்தான் என்று நானா எழுதியதைப் பார்த்ததும், அதுவே சுருக்கமான வழியோ என்ற எண்ணம் வந்தது. அம்மாவுக்கு நீண்டநேரம் வாகனத்தில் இருப்பது கடினம். அதுவே எங்கள் முதற்கவலை.

காத்தான்குடிச் சீட்டுக்காரர்

பலாலி வானத்தில்தான் சுருக்கம், தம்பி. இங்கிருந்து பலாலிக்கு வான்வழியில் 291 கிலோமீற்றர். அதனுடன் சென்னைவரையுள்ள 354ஐக் கூட்டினால் 645. கட்டுநாயக்க வழியாகக் கூட்டினால் 206உம் 643உம் சேர்ந்து 849. காகிதத்தில் இருநூறு கிலோமீற்றர் இலாபம். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வீதி வவுனியா சென்று ஏறுவதால், கட்டுநாயக்கவுக்குப் போவதைவிட அது நீளம். அம்மா வாகனத்தில் இருக்கும் நேரம் கூடுமேயன்றிக் குறையாது. அத்துடன் கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரு நாளில் பல விமானங்கள் உண்டு. ஒன்று தவறினால் அடுத்ததைப் பார்க்கலாம். பலாலியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

மீரிகமவுக்கும் குருணாகலுக்கும் இடையில் 2022இல் திறந்த அதிவேகப் பாதையைப் பயன்படுத்தினால், கட்டுநாயக்கவை நெருங்கும் கடைசிப் பகுதியில் சற்று நேரம் மிச்சமாகும்.

உகணைச் சந்தி

உள்நாட்டு விமானத்தில் கட்டுநாயக்கவரை அழைத்துச் செல்லலாமே? வாகனத்தில் ஆறரை மணி என்பது வானத்தில் ஒரு மணியாகிவிடும்.

காத்தான்குடிச் சீட்டுக்காரர்

செல்லலாம், இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொண்டு. சிறிய விமானம் என்பதால் பொதிக்கு அனுமதிக்கும் நிறை வெளிநாட்டு விமானத்தைவிடக் குறைவாக இருக்கும். சிகிச்சைக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு பெட்டிகளுடன் போவது வழக்கம். மற்றது, அது தனிச்சீட்டு. மலைநாட்டு மேகத்தால் அது தாமதமாகி, சென்னை விமானம் தவறினால், சென்னை நிறுவனம் பொறுப்பேற்காது. அதனால் இரண்டுக்கும் இடையில் ஐந்து மணியாவது விட்டுப் போடுவேன். அப்படிப் போட்டால் மொத்த நேரம் பத்து மணியைத் தாண்டாது; வாகனத்தில் போவதைவிட அதிகம் குறையாவிட்டாலும், அந்த ஐந்து மணியும் அம்மா இருக்கையில் சாய்ந்து ஓய்வெடுக்கும் நேரமாக இருக்கும், வளைவிலும் குழியிலும் குலுங்கும் நேரமாக இராது. பணத்தைப் பொறுத்தவரை, வீட்டில் எத்தனைபேர் போகிறீர்கள் என்பதைக்கொண்டுதான் தீர்மானிக்கவேண்டும். நால்வர் என்றால் வாகனந்தான் மலிவு.

கல்லடிப்பாலத்தடி

நாங்கள் இருவர்தான், நானா, பெட்டியும் இரண்டுதான். பகல் விமானம் எது, அதற்கு ஏற்ற திமிலைதீவுச் சேவை எந்தக் கிழமையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லமுடியுமா? மருத்துவர் தந்த திகதிக்கு இரண்டு நாள் முன்பாகவே சென்னையில் இருக்கவேண்டும்.

காத்தான்குடிச் சீட்டுக்காரர்

கடவுச்சீட்டு இரண்டின் முதற்பக்கத்தையும் தனிமடலில் அனுப்பிவிடுங்கள். முதலில் திமிலைதீவுச் சேவையின் நாளைப் பார்க்கிறேன். சென்னை விமானம் நாள்தோறும் இருப்பதால், அதை அதற்கேற்பப் பிறகு பொருத்திக்கொள்ளலாம்.